பணத்துக்கு முன்னால் வழி தெரிய வேண்டும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



மோட்டார் ரிப்பேர், பராமரிப்புக் கட்டணப் பாக்கி எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. மீதி நேரத்தில் நான் பேசப்போவது நம் வாட்ச்மேன் வீட்டுப் பிள்ளைகளையும், நம் வீடுகளில் வேலை பார்க்கும் அம்மாக்களின் பிள்ளைகளையும் பற்றி. பிளஸ் டூ முடித்ததும் இவர்கள் எங்கே போகிறார்கள்?

நம் லப்பைக்குடிக்காட்டில் நம் பிள்ளைகளுக்கு வழி சொல்ல ஆள் இருக்கிறது. துபாயில் இருக்கும் மாமா போன் போடுவார், சென்னையில் வேலை பார்க்கும் அக்கா கவுன்சலிங் ஃபாரத்தை நிரப்பித் தருவார். அந்தப் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்?

பேங்கில் கல்விக்கடன் சீட்டில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். ஜூலை, ஆகஸ்டில் வருவார்கள். "ஏஜென்ட் சொன்னார் சார், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துட்டேன், நகையை வைத்து முதல் தவணை கட்டிட்டேன், மீதிக்கு லோன் கொடுங்க" என்பார்கள். மகளின் சான்றிதழைப் பார்த்தால், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. 2021 முதல் இன்ஜினியரிங் போன்ற தொழிற்படிப்புகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. மருத்துவத்துக்கு 2020லேயே வந்துவிட்டது. ஆனால் கவுன்சலிங் வழியாகப் போனால்தான். முதல் பட்டதாரிச் சலுகையும் அப்படியே, மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. தேவையே இல்லாத கடனுக்காக அந்தக் குடும்பம் என் சீட்டுக்கு முன்னால் நின்றது. அதற்குள் கவுன்சலிங் பதிவே முடிந்து போயிருக்கும். பணம் பிறகு வந்து என்ன பயன்?

அதனால்தான் அகரம் அறக்கட்டளையின் வேலைமுறை எனக்குப் பிடிக்கும். நடிகர் சூர்யா 2006இல் ஆரம்பித்தது, 'விதை' திட்டம் 2010இல் வந்தது. சினிமாக்காரர் செய்வது என்று நம்மில் சிலர் சிரிக்கலாம், நானும் சினிமா அதிகம் பார்ப்பவன் இல்லை. அவர்கள் செக் எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்குவதில்லை. விண்ணப்பித்த பிள்ளையின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் போய், நிலைமையை நேரில் பார்க்கிறார்கள். என்ன படிக்கலாம் என்று பேசுகிறார்கள், கல்லூரியில் இடம் வாங்கித் தருகிறார்கள், சேர்ந்த பிறகும் ஆங்கிலம், வேலைக்கான பயிற்சி என்று கூடவே வருகிறார்கள். 2025 ஆகஸ்டில் விதைக்குப் பதினைந்து ஆண்டு நிறைவு விழா நடந்தது. அதில் படித்து வந்தவர்களில் 51 பேர் டாக்டர்கள் என்று மேடையில் சொன்னார்கள். பெற்றோரில் ஒருவரோ இருவருமோ இல்லாத பிள்ளைகள் அதில் நிறைய.

அரசும் சும்மா இல்லை. 'நான் முதல்வன்', கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்', பையன்களுக்கு 2024 முதல் 'தமிழ்ப் புதல்வன்' எல்லாம் இருக்கின்றன. ஆனால் திட்டத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் பத்து காகிதங்கள் நிற்கின்றன. வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார் இணைத்த பேங்க் கணக்கு. நம் ஊருக்கு முக்கியம், சாதிச் சான்றிதழ். லப்பை என்றால் பிற்படுத்தப்பட்டோர் முஸ்லிம், 2007 முதல் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. சான்றிதழில் வெறும் பி.சி. என்று இருந்தால் அதைக் கேட்க முடியாது. ஒரு எழுத்து விட்டுப்போனால் குன்னம் தாலுகா ஆபீசுக்கு மறுபடி அலைய வேண்டும். அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத்தான் அங்கே போகவேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

உண்மையிலேயே கடன் தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் வித்யாலட்சுமி போர்ட்டலில் விண்ணப்பிக்கட்டும். நாலு லட்சம் வரை நம் கைப்பணம் போட வேண்டியதில்லை, ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு தேவையில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும், அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நாலு வருட முடிவில் பாக்கியைப் பார்த்து மயங்கி விழாத அப்பாவை நான் அதிகம் பார்த்ததில்லை.

நம் சங்கத்திடம் நான் பணம் கேட்கவில்லை. ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து மே மாதம் முழுக்க, சாயங்காலம் இரண்டு மணி நேரம் கீழே இருக்கும் சங்க அறையைத் திறந்துவிடுங்கள். நெட் இணைப்புள்ள ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர் போதும். ஃபாரம் நிரப்ப நான் உட்காருகிறேன். இன்ஜினியரிங், நர்சிங், ஆசிரியர் வேலை பார்த்தவர்கள் வாரம் ஒரு நாள் வந்து, தங்கள் வேலையில் நல்லது கெட்டது இரண்டையும் பிள்ளைகளிடம் சொன்னால் போதும். வெளிநாட்டில் இருப்பவர்கள் போனில் பேசலாம். எல்லோருக்கும் இன்ஜினியரிங்தான் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஐடிஐ, பாலிடெக்னிக், பி.காம். எல்லாம் படிப்புத்தான். பி.காம். படித்தவன்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

சான்றிதழ் வேலையை மட்டும் ரிசல்ட் வரை தள்ளிப் போடக்கூடாது, ஜனவரியிலேயே ஆரம்பிக்க வேண்டும். இந்த வாரமே உங்கள் வீட்டில் வேலை செய்பவரிடம், பிள்ளை எந்த வகுப்பு, எந்தப் பள்ளி என்று கேட்டு, செயலாளரின் நோட்டில் எழுதிவிடுங்கள். உதவ வருகிறவர்கள் பெயரையும் அதே நோட்டில், பின்பக்கத்திலிருந்து எழுதுங்கள்.