புழக்கடைத் தோட்டமும் தண்ணீர்ச் சிக்கனமும்

(பூவிருந்தவல்லி வட்டார விவசாயிகளிடையே நிகழ்த்திய பேச்சு)



2019-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து புறப்பட்ட ஒரு ரயில் வண்டி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அதன் 50 வாகன்களில் இருந்தவை நெல்லுமன்று, நிலக்கரியுமன்று; 25 லட்சம் லிட்டர் தண்ணீர். அந்தக் கோடையில் செம்பரம்பாக்கம், செங்குன்றம், சோழவரம், பூண்டி ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. குடங்களோடு லாரிக்காகக் காத்து நின்றவர்கள் இக்கூட்டத்திலும் இருப்பீர்கள். அதற்கு நான்காண்டு முன்னர், 2015 டிசம்பரில், இதே சுற்றுவட்டாரத்தில் வெள்ளம் வந்ததையும் மறந்திருக்கமாட்டீர்கள். ஆகவே, வானம் பொய்த்தது என்று மட்டும் கூறித் தப்பித்துக்கொள்ள நமக்கு வழியில்லை.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இவ்வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் சதுர அடி மாடித்தளம், சிந்தியது போக, ஒரு லட்சம் லிட்டர் தரும். இருபத்தைந்து வீடுகளின் தளங்கள் அந்த ரயில் வண்டிக்குச் சமம்!

ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. மழை பெய்வது ஐப்பசி, கார்த்திகையில். செடிக்குத் தாகம் எடுப்பது சித்திரை, வைகாசியில். ஒரு சென்ட் காய்கறிப் பாத்திக்குக் கடுங்கோடையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 லிட்டர் வேண்டும். 5,000 லிட்டர் தொட்டி கட்டினாலும் 25 நாளில் காலியாகிவிடும். ஆதலால், தளத்து நீரை மணலும் சரளையும் நிரப்பிய குழி வழியே கிணற்றுக்குள் இறக்குவதே நமக்கு ஏற்றது. தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. குழாய் பொருத்தியதோடு சரி என்று விட்டுவிட்ட வீடுகள் எத்தனையோ! புரட்டாசியில் ஏறிப் பார்த்துச் சருகை அகற்றாவிட்டால் அந்தக் குழாய் சுவருக்கு அலங்காரமே.

இனி, பானைப் பாசனம். மெருகிடாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, சுற்றிலும் புடலை, பாகல், சுரை விதைகளை ஊன்றவேண்டும். மண் உலர உலரப் பானை கசியும். ஈரமாயிருக்கும்போது கசிவு குறையும். செடி கேட்ட அளவுக்குப் பானை கொடுக்கிறது. நாமோ குழாயைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடத்தில் நூறு லிட்டரைக் கொட்டுகிறோம். கி.மு. முதல் நூற்றாண்டுச் சீன வேளாண்மை நூலொன்றிலேயே இம்முறை கூறப்பட்டிருக்கிறது. வாயை மூடி வைப்பது அவசியம். இல்லையேல் கொசு வளரும். உப்பு நீரை ஊற்றினால் நாளடைவில் கண்கள் அடைபட்டுப் போகும்; அப்போது எடுத்து ஊறவைத்துத் தேய்த்துக் கழுவவேண்டும்.

பாத்திகளில் சருகு, வைக்கோல், தென்னை உரிமட்டை பரப்புங்கள். நண்பகலில் நீர் விடவேண்டாம். குளியல் நீரை வாழைக்கும் சேம்பிற்கும் கல்வாழைக்கும் விடலாம். பச்சையாக உண்ணும் கீரைக்கு ஆகாது. வைகாசியில் முருங்கையையும் கறிவேப்பிலையையும் காத்துக்கொண்டு, மற்ற பாத்திகளை ஆடிவரை காயவிடுவதில் குறையொன்றுமில்லை.

கடைசியாக, மனத்தாங்கலுக்கிடமான ஒரு செய்தி. பஞ்சாயத்துக் குடிநீர்க் குழாயில் மோட்டாரைப் பொருத்தி வெண்டைக்குப் பாய்ச்சும் வீடுகள் உண்டு. தெருக்கோடியில் உள்ளவருக்கு அன்று குடம் நிறையாது. தடுக்கப் போனால் அவர் உறவினராகவோ, ஓட்டுப் போட்டவராகவோ இருப்பார். அந்தச் சங்கடம் எனக்குத் தெரியும். ஆயினும் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன், அங்கத்தினர்கள் முதலில் தங்கள் வீட்டுக் குழாயைப் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு அந்த வீட்டுக்கு இரண்டு பானைகளோடு போங்கள்.

வெளியே மூன்று பானைகளில் நேற்று மாலை நீர் நிரப்பி வைத்திருக்கிறோம். ஒன்றுக்கு வர்ணம் பூசியிருக்கிறது. எவை வியர்த்திருக்கின்றன என்று போகும்போது தொட்டுப் பாருங்கள்.