மலைக்கான மருத்துவரை மலையிலேயே வளர்ப்போம்

குடும்ப மருத்துவத்தில் பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே!

கொல்லிமலையின் 14 ஊராட்சிகளுள் ஒன்று எடப்புளி நாடு. அங்கே ஒருவருக்கு உடம்பு முடியாமல் போய், செம்மேட்டு அரசு மருத்துவமனையிலும் பார்க்க முடியாதென்று ஆகிவிட்டால், காரவள்ளி அடிவாரம் வரை 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். பிறகு சேந்தமங்கலம், அதன்பின் நாமக்கல். 2022 ஜனவரியில் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது பெரிய ஆறுதல்தான். ஆனாலும் பிரசவித்த கையோடு உதிரப்போக்கு நிற்காமல் ஆம்புலன்சில் படுத்திருக்கும் பெண்ணுக்கு அந்த வளைவுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. இங்கேயே பார்ப்பதா, கீழே அனுப்புவதா, அனுப்பினால் எந்த ஊசியைப் போட்டு அனுப்புவது? மேலே இருக்கும் மருத்துவர் இதைச் சில நிமிடங்களில் முடிவு செய்தாக வேண்டும். அப்படி முடிவெடுக்கத் தெரிந்தவரை நாம் எங்கே வைத்துப் பயிற்றுவிக்கிறோம் என்பதுதான் என் மனத்தை நெடுநாளாக அரிக்கும் கேள்வி.

பாம்புக்கடியையே எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் பாய்விரித்துப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருகிறார். கடிபட்ட தடமும் இல்லை, வீக்கமும் இல்லை. இமை மட்டும் மெல்லச் சரிகிறது. கட்டுவிரியன் என்று உங்கள் மனம் அந்த நொடியே சொல்ல வேண்டும். இன்னொருவர் கால் வீங்கி வருகிறார். காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறோம். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்தை ஏற்ற வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஆனால் அந்தக் குழாயைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவியிருந்தால் சோதனை பொய் சொல்லும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இரவுப் பணியில் இருந்த ஒரு நர்சம்மா. எந்தப் பேராசிரியரும் அல்ல. அந்த நர்சம்மாவின் பக்கத்தில் நின்று கற்கும் வாய்ப்பு, எல்லாத் துறைக்கும் தனித்தனி வல்லுநர் இருக்கும் நகரத்து மருத்துவமனையில் கிடைக்காது.

நோய் மட்டும் தெரிந்தாலும் போதாது. கொல்லிமலையில் சாமையும் தினையும் பனிவரகும் விளைந்த நிலங்களில் பெரும்பகுதியை இன்று மரவள்ளிக்கிழங்கு பிடித்துக்கொண்டது. வீட்டு அடுப்பில் ரேஷன் அரிசி வேகிறது. அங்கே சர்க்கரை நோயோடு வரும் அம்மாவிடம் ஓட்ஸும் சப்பாத்தியும் சாப்பிடச் சொல்லி அனுப்புவது வைத்தியமாகாது. அவர் பாட்டி காலத்துச் சாமைச் சோறு இன்னும் அவர் கைக்கு எட்டுமா, காடு யாரிடம் இருக்கிறது, சாமையைக் குத்திப் புடைக்க வீட்டில் ஆள் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் மருந்துச்சீட்டில் கை வைக்க வேண்டும்.

மலையிலேயே வைத்தியமும் பயிற்சியும் தருவது நடக்காத கனவல்ல. தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் 1993-இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் ஒரு கூரைக் கொட்டகையில் வைத்தியம் தொடங்கினார்கள். அங்கே இருப்பவர்களும் கொல்லிமலையில் வாழும் அதே மலையாளிப் பழங்குடியினர்தான். அந்த இரு மருத்துவர்களில் ஒருவர் மயக்கவியல் படித்தவர், மற்றவர் மகப்பேறு மருத்துவம் படித்தவர். இருந்தாலும் தங்கள் துறை இது மட்டும்தான் என்று அவர்களால் அங்கே சொல்ல முடியவில்லை. வந்த நோயையெல்லாம் பார்த்தார்கள். அந்த ஊர்ப் பெண்களுக்கே செவிலியர் பயிற்சி தந்தார்கள். ஆயிரத்துக்கு 147 என்றிருந்த குழந்தை இறப்பு இருபதை ஒட்டி இறங்கியது. பழங்குடியினர் நல முன்முயற்சி என்ற பெயரில் அந்தப் பணி இன்றும் நடக்கிறது. அந்தப் பிள்ளைகள் பிழைத்ததற்குக் காரணமாக நான் முதலில் சொல்வது, மருத்துவமும் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் நடந்ததைத்தான்.

அரசும் இந்தத் திசையில் அடி எடுத்து வைத்திருக்கிறது. 1946-இல் மருத்துவத் துறையை ஆராய்ந்த போர் (Bhore) குழு கேட்ட அடிப்படை மருத்துவர் தொடங்கி, 2002, 2017 தேசிய சுகாதாரக் கொள்கைகள் வரை குடும்ப மருத்துவம் தாளில் இடம்பெற்றே வந்திருக்கிறது. இப்போது முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூன்று மாதத்தில் ஊர்க்கவுண்டரின் பெயர் தெரியலாம். எந்த வீட்டில் காசநோய் மாத்திரை பாதியில் நின்றது என்பது தெரிய வருவதற்குள் பெட்டியைக் கட்டும் நாள் வந்துவிடும். கட்டாயப் பணி என்று அனுப்பப்படுகிறவர் போன நாளிலிருந்தே இடமாறுதலை எண்ணத் தொடங்குகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனியாளாக இரவில் ஒரு சிக்கலான பிரசவத்தைப் பார்க்க அவருக்கு யாருமே கற்றுத்தரவில்லையே, பயம் இருக்காதா?

2020-இல் தமிழ்நாடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கியது. மலைப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. கிராமத்தில் வளர்ந்தவர் கிராமத்தில் தங்க வாய்ப்பு அதிகம் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2010-லும் 2021-லும் வலியுறுத்தியது. அந்தப் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். முடிக்கும்போது, செம்மேடு போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் மூன்றாண்டுக் குடும்ப மருத்துவப் பயிற்சி இடங்கள் காத்திருக்க வேண்டும். அதற்கு அங்கே குடியிருந்து கற்பிக்கும் ஆசிரியர்கள் வேண்டும், குடும்பத்தோடு தங்க நல்ல வீடு வேண்டும், அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும். இதை அரசிடம் நான் கேட்கிறேன். உங்களிடம் கேட்பது வேறு. அந்த ஆசிரியர்களாக நீங்கள் வர வேண்டும். விருப்பமுள்ளவர்கள் விழா முடிந்ததும் என்னை வந்து பாருங்கள், விவரமாகப் பேசுவோம்.