"உள்நாட்டு விவகாரம்" என்ற கேடயம்

(கட்சிக் கிளையின் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)



சென்ற கூட்டத்தில் ஓர் இளம் தோழர் ஒரு கேள்வி கேட்டார். "ஒரு தேசத்தின் ஆட்சி அநியாயமானது என்று மற்ற தேசத்து ஜனங்கள் தீர்மானம் போடுகிறார்கள், ஊர்வலம் போகிறார்கள், அதன் சாமான்களை வாங்க மறுக்கிறார்கள். இதனால் அந்த ஆட்சிக்கு என்ன ஆகிவிடும்? கஷ்டமெல்லாம் அந்த நாட்டுத் தொழிலாளிக்குத்தானே?" என்றார். நியாயமான கேள்வி. இதற்குக் கோஷம் போட்டுப் பதில் சொல்லக்கூடாது. நடந்து முடிந்த ஒரு சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி சர்க்கார் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உலகத்தின் கண்டனத்தைச் சந்தித்தது. அது என்னென்ன பதில் சொன்னது?

முதல் பதில்: "நீ யார் கேட்க?"

1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் ஜனங்கள் அதில் போய் இறங்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் விரும்பிய இடத்தில் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் கூடாது என்று 1946-ல் அங்கே சட்டம் வந்தது. அன்றைக்கு இந்தியா சுதந்திரம்கூடப் பெறவில்லை. இருந்தும் அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவுடன் வர்த்தகத்தை முறித்துக்கொண்டது. நமது ஏற்றுமதியில் சுமார் 5 சதவிகிதம் அதனால் போயிற்று. ஐ.நா. சபைக்கும் புகார் போயிற்று.

பிரதமர் ஸ்மட்ஸ் என்ன சொன்னார்? "இது எங்கள் உள்நாட்டு விவகாரம், தலையிட ஐ.நா.வுக்கு அதிகாரமில்லை" என்று வாதாடினார். ஐ.நா. சாசனத்தின் முகவுரையை எழுதுவதில் பங்குகொண்டவர் இவர்! ஆனாலும் பொதுச்சபை மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுடன் இந்தியாவின் பக்கம் நின்றது.

1948-ல் தேசியக் கட்சி பதவிக்கு வந்து நிறவெறியை முழுச் சட்டமாக்கியது. 1950-ல் கம்யூனிஸத்தை அடக்கும் சட்டம் கொண்டுவந்தது. கம்யூனிஸ்டுகளுக்கு மட்டும் வந்த ஆபத்தா அது? எதிர்த்தவன் எவனானாலும் அவன்மீது அந்த முத்திரையைக் குத்தலாம் என்று ஆயிற்று. 1960 மார்ச் 21-ல் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் மாண்டார்கள். உலகம் கொதித்தது. 1961-ல் அந்த நாடு காமன்வெல்த்தை விட்டே வெளியேறியது.

இரண்டாவது பதில்: வேஷம்

அதட்டல் பலிக்கவில்லை என்றதும் அரிதாரம் பூச ஆரம்பித்தார்கள். 1970-களில் செய்தி இலாகா ரகசியமாகக் கோடிக்கணக்கில் பணம் செலவழித்தது. உள்நாட்டில் 'சிட்டிஸன்' என்ற பத்திரிகை அந்தப் பணத்தில் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் ஒரு பத்திரிகையை விலைக்கு வாங்கவும் முயன்றார்கள். குட்டு வெளிப்பட்டதும் மந்திரி முல்டர் பதவி இழந்தார். பிரதமர் பதவியிலிருந்து ஜனாதிபதி ஆகியிருந்த வோர்ஸ்டரும் 1979-ல் ராஜிநாமா செய்ய நேர்ந்தது.

"கறுப்பருக்குத் தனி நாடே கொடுத்துவிட்டோம்" என்று 1976-ல் டிரான்ஸ்கையில் கொடி ஏற்றினார்கள். பின்னர் இன்னும் மூன்று பொம்மை நாடுகள் செய்தார்கள். ஐ.நா.வில் இருந்த எந்த நாடும், தென்னாப்பிரிக்காவைத் தவிர, அவற்றை அங்கீகரிக்கவில்லை. 1984-ல் இந்தியருக்கும் கலப்பினத்தாருக்கும் தனித்தனிச் சபை கொடுத்தார்கள். பெரும்பான்மையான கறுப்பருக்கு ஒன்றுமில்லை. நம் வம்சாவளியினரில் மிகப் பெரும்பாலோர் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். எஜமான் வீசிய எலும்பைத் தொட மறுத்தார்கள். இது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம்.

மூன்றாவது பதில்: பணமும் வெடிகுண்டும்

எண்ணெய்த் தடை வந்தபோது நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுக்கும் 'சசோல்' ஆலைகளைப் பெருக்கினார்கள். ஆயுதத் தடை வந்தபோது சொந்த ஆயுதத் தொழிலை வளர்த்தார்கள். விளையாட்டில் ஒதுக்கப்பட்டபோது பெரும் பணம் கொடுத்து வெளிநாட்டுக் கிரிக்கெட்காரர்களை அழைத்தார்கள். எதிர்த்து எழுதியவர்களைக் கொல்லவும் தயங்கவில்லை. கம்யூனிஸ்டும் எழுத்தாளருமான ரூத் பர்ஸ்ட் 1982-ல் மாபுடோ நகரில் கடிதக் குண்டுக்குப் பலியானார்.

இவ்வளவையும் அது தனியாகவா செய்தது? 1974-ல் தென்னாப்பிரிக்காவை ஐ.நா.விலிருந்து வெளியேற்றும் தீர்மானம் பாதுகாப்பு சபைக்கு வந்தது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து ரத்து அதிகாரத்தைப் பிரயோகித்துத் தடுத்தன. தங்கமும் வைரமும் அந்தக் கைகளைத் தூக்க வைத்தன. சர்க்கார்கள் நீட்டாத கையைத் தொழிலாளிகள் நீட்டினார்கள். 1984 ஜூலையில் டப்ளின் நகரக் கடையொன்றில் வேலை பார்த்த மேரி மானிங் என்ற 21 வயதுப் பெண், தென்னாப்பிரிக்கப் பழத்துக்குப் பில் போட மறுத்தார். அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கூட வேலை செய்தவர்கள் வெளியேறினார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டு வேலைநிறுத்தம்! 1987-ல் அயர்லாந்து அந்தப் பழங்களின் இறக்குமதியையே தடை செய்தது.

கஷ்டம் யாருக்கு?

பகிஷ்காரம் கறுப்புத் தொழிலாளியின் வயிற்றில் அடிக்கும் என்று நிறவெறி சர்க்காரும் கண்ணீர் வடித்தது. அந்தக் கேள்விக்கு அங்குள்ளவர்களே பதில் சொல்லிவிட்டார்கள். 1959-ல் லுதுலியும், நேட்டால் இந்தியர் காங்கிரஸின் டாக்டர் நாயக்கரும், லிபரல் கட்சியின் பீட்டர் பிரவுனும் கூட்டாக அறிக்கை விட்டார்கள். கஷ்டம் வரும் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ரத்தம் சிந்தும் நாட்கள் இதனால் குறையுமானால் அந்தக் கஷ்டத்தை ஏற்கத் தயார் என்றார்கள்.

அதே சமயம், வெளியிலிருந்து வந்த பகிஷ்காரம் ஒன்றே நிறவெறியை வீழ்த்தியது என்று சொன்னால் அது பொய். 1973-ல் டர்பன் தொழிலாளர் வேலைநிறுத்தம். 1976-ல் ஸோவெட்டோ மாணவர் எழுச்சி. 1985-ல் காஸாட்டு தொழிற்சங்க சம்மேளனம். அஸ்திவாரத்தை ஆட்டியவர்கள் இவர்களே. உள்ளே நாடு எரிந்ததால்தான் 1985-ல் அமெரிக்க வங்கி கடனைப் புதுப்பிக்க மறுத்தது. சர்க்கார் கடன் தவணையை நிறுத்திவைக்க நேர்ந்தது. 1990-ல் தடைகள் நீங்கின. மண்டேலா வெளியே வந்தார். 1994 ஏப்ரல் 27-ல் கறுப்புத் தொழிலாளி வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்.

நமக்கு என்ன பாடம்?

ஏகாதிபத்தியமும் "தடை" என்ற ஆயுதத்தை எடுக்கிறதே, கியூபாவை 1962 முதல் முற்றுகையிட்டிருக்கிறதே என்று கேட்கலாம். வித்தியாசம் காண ஒரு வழி உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஒடுக்கப்பட்ட ஜனங்களே தடையைக் கேட்டார்கள், வல்லரசுகள் தடுத்தன. கியூபாவிலோ வல்லரசு தடை போடுகிறது. அதை நீக்கச் சொல்லி 1992 முதல் ஐ.நா. பொதுச்சபை திரும்பத் திரும்ப ஓட்டளித்து வருகிறது. கோரிக்கை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்.

கடைசியாக, நம் ஊர்ப் பக்கம் வருவோம். டீக்கடையில் இரட்டைக் குவளை இருக்கிறது என்று கேள்விப்பட்டு நாம் ஒரு கிராமத்துக்குப் போனோம். பெரியதனக்காரர் சொன்னது நினைவிருக்கிறதா? "இது எங்கள் ஊர் விஷயம், வெளியாள் பேசாதே" என்றார். பிறகு, "இங்கே எல்லோரும் ஒற்றுமையாகத்தான் இருக்கிறோம்" என்றார். கடைசியில், பேசிய கூலித் தோழருக்கு வேலை கொடுக்காமல் நிறுத்தினார். ஸ்மட்ஸை அவர் படித்ததில்லை. ஆனாலும் அதட்டல், வேஷம், அடி என்று மூன்று பதிலும் அதே வரிசையில் வந்தன.

அன்று முதல் பதிலைக் கேட்டதுமே நம்மில் சிலர் திரும்பிவிட்டோம். அது தவறு, தோழர்களே. அந்தக் கூலித் தோழர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போவோம். அவரைக் கேட்டு, அவரோடு சேர்ந்து போவோம்.