கண்மாய் மீனும் ஊராட்சியின் கடமையும்



மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களுக்குக் கண்மாய்களே உயிர்நாடி. அந்த நீர் நெல்லையும் வளர்க்கிறது, மீனையும் வளர்க்கிறது. ஆனால் மீனைப் பிடிக்க நீர் வற்ற வேண்டும். கதிர் முற்ற நீர் நிற்க வேண்டும். பிணக்கு இங்கேதான் தொடங்குகிறது. பயிரே முந்தியது என்பதே நமது கருத்து. மீன்பாசிக் குத்தகை எடுத்தவருக்கு மீனில் உரிமை உண்டு. மடையில் உரிமை இல்லை. ஏல நிபந்தனையில் இதனைத் தெளிவாக எழுதி, ஏலத்திற்கு முன்பே படித்துக் காட்டவேண்டும்.

அரசியல் சட்டப்படி உள்நாட்டு மீன்வளம் மாநில சர்க்காரின் அதிகாரத்தில் அடங்கியது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களுள் மீன்வளத்தை ஐந்தாவதாகச் சேர்த்தது. எனினும் எல்லாக் கண்மாய்களும் நம் பொறுப்பில் இல்லை. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு, மேற்பட்டவை நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ளவை. ஏலத்திற்கு முன் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டால் வீண் வழக்குகள் எழா.

குத்தகைதாரரின் அவசரத்திற்கும் காரணம் உண்டு. பசலி ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்குகிறது. நம் கண்மாய்களோ ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் நிரம்புகின்றன. ஓராண்டுக் குத்தகையில் அவருக்குக் கிட்டுவது ஏறத்தாழ ஏழு மாதமே. ஆகவே நீர் வந்தவுடன் விரல் நீளம் வளர்ந்த தரமான குஞ்சுகளை விடுவது நல்லது. 1957 ஜூலை 10 அன்று ஒரிஸாவின் அங்குலில் விஞ்ஞானிகள் பெருங்கெண்டை மீனை ஊசி மருந்தால் முட்டையிடச் செய்தனர். அதன் பயனாகவே இன்று ஆற்றை எதிர்பாராமல் பண்ணைகளில் குஞ்சு பெற முடிகிறது. கட்லா மேல்நீரிலும், ரோகு நடுநீரிலும், மிருகால் அடியிலும் இரை தேடுவதால், மூன்றும் ஒரே கண்மாயில் போட்டியின்றி வளரும்.

வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியது. அந்த நீரைத்தான் நம் ஆடுமாடுகள் குடிக்கின்றன என்பதை மறவாதீர்கள். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் அனுமதியாதீர்கள். கலுங்கு வழியே அது அடுத்த கண்மாய்க்குச் சென்றுவிட்டால், நம் அயிரையையும் கெண்டையையும் தின்று தீர்த்துவிடும்.

இறுதியாக ஒன்று. ஏலம் பலரறிய நடக்கட்டும். ஊராட்சிக்கு வரும் தொகையையும் அதன் செலவையும் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள். ஒளிவுமறைவற்ற கணக்கு இருக்குமானால், மடைக்குக் காவல் போட வேண்டியிராது. ஊரே காவல் நிற்கும்.