பாமினியில் இருந்த அப்பா



போன வருடம் ஆவணி மாதத்தில், ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணாவின் மகள் தொலைபேசி எடுத்தாள். "சித்தப்பா, அப்பப்பா ஊரைப் பற்றி எழுதி வைச்சவர் எண்டு அப்பா சொன்னவர். அது உங்களிட்டை இருக்கோ? எனக்கு ஒருக்கா அனுப்புங்கோவன்" என்று கேட்டாள்.

"இருக்குது பிள்ளை, இண்டைக்கே அனுப்பிறன்" என்றேன். அன்றிரவே அனுப்பியும் விட்டேன். பத்து நிமிடம் போகவில்லை, திரும்ப அழைத்தாள். "சித்தப்பா, இது என்ன பாஷை?"

நான் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்காமலேதான் அனுப்பியிருந்தேன். திறந்தேன். முதல் பக்கத்தின் முதல் சொல் எனக்கு மனப்பாடம். "அப்பா விடியப்புறம் துலா மிதிக்கப் போகும்போது" என்று என் தகப்பனார் தன் தகப்பனாரை நினைத்துத் தொடங்கியிருந்தார். இப்போது அந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் நின்றன. எம், ஜி, ஓர் அரைப்புள்ளி, மறுபடி ஜி, கடைசியில் எச். அதுதான் அப்பா. நூற்று நாற்பது பக்கமும் அப்படியே.

இந்தக் கோப்பு உண்டான விதத்தைச் சொல்ல வேண்டும். 1995 ஐப்பசிக் கடைசியில் யுத்தத்தால் வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்ததே, அந்தச் சனத்தோடு அப்பாவும் நடந்தார். பிறகு கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் எங்களோடு இருந்த காலத்தில், மூன்று சீ.ஆர். கொப்பிகளில் ஊரை எழுதினார். எந்தக் கிணற்றுக்கு எத்தனை பங்கு, புகையிலைக்கு எப்போது முறிப்பார்கள், எந்த வேலியில் எந்தக் கதியால் என்று எழுதினார். ஒரு வளவுக்கும் மற்ற வளவுக்கும் நடுவிலிருந்த பொட்டைக்கூட விடவில்லை. ஊர் திரும்பக் கிடைக்குமோ என்ற சந்தேகத்தில் எழுதிய எழுத்து அது.

2001இல் அதைக் கணினியில் ஏற்ற நினைத்தேன். சிநேகிதன் ஒருவனின் அச்சகத்தில் சனிக்கிழமைகளில் இருந்து தட்டினேன். அப்பா பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருந்து திரையைப் பார்த்துக்கொண்டே வருவார். "தம்பி, அது றகரம்" என்பார். ஆறு மாதம் பிடித்தது. அங்கிருந்த கணினியில் விண்டோஸ் 98. அதற்குத் தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாது. நாங்கள் எல்லாரும் பாவித்தது பாமினி எழுத்துரு.

கறையான் பிறகு அந்த மூன்று கொப்பிகளையும் தின்றது. அப்பாவும் போய்விட்டார். மிஞ்சியது அந்தக் கோப்பு. நானும் அதைக் கவனமாகத்தான் காத்தேன். 1.44 மெகாபைட் பிளொப்பியில் இருந்ததை இறுவட்டுக்கு மாற்றினேன், இறுவட்டிலிருந்து பென் டிரைவுக்கு, அங்கிருந்து புதிய மடிக்கணினிக்கு. பாத்திரம் பழசாகப் பழசாக மாற்றிக்கொண்டே வந்த நான், உள்ளே இருப்பது என்ன என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

உள்ளே இருந்தது என்னவென்று சொல்கிறேன். கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, இலக்கத்தைத்தான் சேமிக்கிறது. ஆங்கிலத்தில் சிறிய எம் எழுத்தின் இலக்கம் 109. பாமினி செய்தது இதுதான்: அந்த 109ஆம் இடத்தில் இருக்கும் எம்மின் படத்தை எடுத்துவிட்டு, அகரத்தின் படத்தை வைத்தது. ஜி இருந்த இடத்தில் பகரம். அரைப்புள்ளி இருந்த இடத்தில் மெய்யெழுத்தின் குற்று. ஆகவே அப்பா பக்கத்தில் இருக்க நான் தட்டிய ஒவ்வொரு சொல்லும் கணினியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துகளின் வரிசை. தமிழ் என்ற சொல்லை அது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் எழுதி வைத்தது. பாமினி என்ற சட்டையைப் போட்டிருக்கும்வரை தமிழாகத் தெரியும். சட்டையைக் கழற்றிய நிமிடம் பழைய ஆங்கில எழுத்து வெளியே வரும். என் புதிய மடிக்கணினியில் பாமினி இல்லை. ரொறன்ரோவிலும் இல்லை.

பாமினியைச் செய்தவர்களையும், அதுபோன்ற மற்ற எழுத்துருக்களைச் செய்தவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். வேறு வழியே இல்லாத காலத்தில் எங்களுக்குத் தமிழைத் திரையில் காட்டியவர்கள் அவர்கள். அந்த விசை ஒழுங்கும் பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் வழியில் வந்ததுதான். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறிக்காகப் பட்ட பாடு வீண்போகாமல், அந்த விரல் பழக்கம் அப்படியே கணினிக்கும் வந்தது. எங்கள் பிள்ளைகளின் பாட நூல்களும் போராட்ட காலத்துப் பத்திரிகைகளும் புலம்பெயர்ந்தவர்களின் சஞ்சிகைகளும் இந்த எழுத்துருக்களால்தான் வெளிவந்தன. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஓர் எழுத்துருவுக்கும் மற்றதற்கும் ஒற்றுமை இருக்கவில்லை. பாமினியில் அகரம் இருந்த இடத்தில் இன்னொன்றில் வேறு எழுத்து. 1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, ஒரு பொதுத் தரத்துக்கு வரப் பாடுபட்டதன் காரணமும் இந்தக் குழப்பம்தான். நிரந்தரமான வழி என்று நான் நம்புவது, ஒவ்வொரு எழுத்துக்கும் தனி இலக்கம் தரும் யூனிக்கோட். 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதில் அகரத்தின் இலக்கம் 2949. உலகத்தில் எந்தக் கணினியிலும், எந்தக் கைத்தொலைபேசியிலும் அந்த இலக்கம் அகரம்தான்.  விண்டோஸ் 2000 தமிழ் யூனிக்கோடை ஏற்றது. ஆனால் எங்கள் அச்சகங்களுக்கும் வீடுகளுக்கும் அது வந்து சேர மேலும் பல வருடங்கள் எடுத்தது.

அப்பாவின் கோப்புக்கு வருகிறேன். பாமினியை யூனிக்கோடாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. சுரதா உருவாக்கிய பொங்குதமிழ் மாற்றி எங்களவர் பலருக்குத் தெரிந்தது. நூற்று நாற்பது பக்கத்தையும் பகுதி பகுதியாக வெட்டி ஒட்டினேன். "அப்பா விடியப்புறம்" என்று முதல் வரி எழுந்து வந்ததைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் வேலையை விட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அத்தோடு முடியவில்லை. சங்கக் கடைக் கடனுக்கு வட்டி 12 வீதம் என்று அப்பா எழுதியிருந்தார். நான் வீதக் குறியைப் போட்டிருந்தேன். பாமினியில் வீதக் குறியின் இடத்தில் 'மூ' என்ற எழுத்து இருக்கிறது. மாற்றியபோது வட்டி "12மூ" ஆகிவிட்டது. தன் பாடசாலையின் பெயரை அவர் ஆங்கிலத்தில் எழுதிய இடமெல்லாம் வாயில் நுழையாத தமிழாக மாறியிருந்தது. பாமினியில் 'கொ' எழுத முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு அரவு என்று கையால் எழுதும் வரிசையில் தட்டுவோம். யூனிக்கோடில் ககரம்தான் முதலில் நிற்க வேண்டும். சில இடங்களில் நான் இரண்டு கொம்பு தட்டியிருந்ததால் அந்தச் சொற்கள் உடைந்து கிடந்தன. இவற்றை எந்தக் கருவியும் திருத்தித் தராது. இருந்து வாசித்துத்தான் திருத்த வேண்டும்.

அம்மாவை வைத்துக்கொண்டு வாசித்தேன். அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது, கண் சரியாகத் தெரியாது, காது நல்லாய்க் கேட்கும். ஒரு மாதம், பின்னேரங்களில் நான் உரத்து வாசிக்க அவ கேட்டுக்கொண்டிருந்தா. "கிணத்தடி இல்லை மோனை, கேணியடி. அங்கை கிணறு எங்காலை?" என்று நிறுத்துவா. 2001இல் நான் பிழையாகத் தட்டி, அப்பாவின் கண்ணுக்கும் தப்பியிருந்த சொல் அது. கொப்பி இல்லாத நிலையில் அம்மாதான் கொப்பி.

காகிதம் அழிவது எங்களுக்குப் பழக்கமானது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 அளவான நூல்கள் போயின. அதற்குப் பிறகும் எத்தனையோ வீடுகளின் பெட்டகங்கள் போயின. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், மிஞ்சியவற்றை மின்வடிவில் சேர்த்துவைக்கிறது. அந்த வேலையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு வீட்டுக் கணினிக்குள்ளும் பாமினியில் உறங்குவதை யாரும் வந்து எடுக்க முடியாது. அது வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை.

முக்கியமாக, அந்தியேட்டிக்கு நாங்கள் அச்சடிக்கும் கல்வெட்டுகளைச் சொல்கிறேன். ஒரு குடும்பத்தின் வம்சாவளி, யார் யாருக்கு என்ன முறை, எந்த ஊரில் பிறந்து எந்த ஊரில் மணம் முடித்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. பல வீடுகளில் அதைவிட வேறு பதிவே கிடையாது. இன்றும் அச்சகங்களில் அதைப் பழைய எழுத்துருக்களிலேயே தட்டுகிறார்கள். திரையில் அழகாகத் தெரியும். ஆனால் ஒரு பெயரைத் தேடினால் அகப்படாது, பேரப்பிள்ளையின் தொலைபேசியில் ஒட்டினால் எம், ஜி, அரைப்புள்ளி. அச்சகத்தில் கொடுக்கும்போதே யூனிக்கோடில் ஒரு பிரதி வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் தருவார்கள். கேட்காததால்தான் தருவதில்லை.

உங்களிடம் பழைய தமிழ்க் கோப்பு ஏதும் இருந்தால் இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். அதிலிருந்து ஒரு வரியை எடுத்து உங்கள் தொலைபேசிக்கு ஒரு செய்தியாக அனுப்புங்கள். தமிழாக வந்தால் பயமில்லை. ஆங்கில எழுத்தாக வந்தால் மாற்றத் தொடங்குங்கள். மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள், அந்த எழுத்துருவையும் சேர்த்து வையுங்கள். வாசித்துத் திருத்த ஒரு அம்மாவோ அப்பாவோ வீட்டில் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.