பெட்டிமேல் எழுதிய எண்



அமெரிக்காவில் 'கிளாஸ் ஆக்‌ஷன்' என்று ஒரு வழக்குமுறை உண்டு. கிளாஸ் என்றதும் கட் அடித்த கிளாஸ் ஞாபகம் வருகிறவர்கள் மன்னிக்கணும், இது வேற! ஒரே விதமாகப் பாதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களுக்காக ஓரிருவர் தொடுக்கும் கூட்டு வழக்கு இது. நாற்பது ரூபாய் நஷ்டத்துக்கு யாராவது கோர்ட் படி ஏறுவாங்களா? மாட்டாங்க. ஆனால் லட்சம் பேரிடம் நாற்பது ரூபாய் என்றால் கம்பெனிக்கு நாற்பது லட்சம். அந்தத் தைரியத்தை உடைக்கத்தான் இந்த முறை.

ஹார்ட் டிஸ்க் கதையைப் பாருங்கள். தயாரிப்பாளர் ஒரு கிகாபைட்டை நூறு கோடி பைட் என்று எண்ணினார். விண்டோஸ் 107,37,41,824 பைட் என்று எண்ணியது. விளைவு, 80 கிகாபைட் என்று வாங்கிய டிஸ்க், திரையில் சுமார் 74.5 என்று காட்டியது. இதன்பேரில் வெஸ்டர்ன் டிஜிட்டல் மீது போட்ட வழக்கு 2006-இல் சமரசமானது. தவறை அந்தக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. வாங்கியவர்களுக்குக் கிடைத்தது இலவச பேக்கப் சாஃப்ட்வேர். கேட்டது இடம், கொடுத்ததோ இடத்தை அடைக்கும் சாமான்!

'அப்புறம் எதுக்குங்க இந்த வழக்கு, வக்கீலுக்கு ஃபீஸ் கிடைக்கவா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பலனைப் பணத்தால் மட்டும் அளக்கக் கூடாது. 1990-களில் மானிட்டரை 17 அங்குலம் என்று விற்றார்கள். அது குழாயின் அளவு. கண்ணுக்குத் தெரிந்த படமோ ஏறக்குறைய 16 அங்குலம்தான். கலிஃபோர்னியாவில் வழக்கு வந்த பிறகு, பார்க்கக்கூடிய அளவையும் விளம்பரத்தில் போட ஆரம்பித்தார்கள். கடைக்குப் போகிற அடுத்த ஆளுக்கு அது லாபம்தானே?

மாணவர்கள் கவனிக்க வேண்டியது என்விடியா வழக்கு. 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 970 கார்டில் 4 கிகாபைட் நினைவகம் என்று போட்டிருந்தது. இருந்தது உண்மைதான். ஆனால் கடைசி அரை கிகாபைட் மற்றதைவிட மிக மெதுவாக ஓடியது. இந்த விவரத்தை உள்ளேயிருந்த மார்க்கெட்டிங் பிரிவுக்கே சரியாகத் தெரிவிக்கவில்லை என்று 2015-இல் கம்பெனித் தலைவரே எழுதினார். 2016 சமரசத்தில் கார்டுக்கு 30 டாலர் தர ஒப்புக்கொண்டார்கள்.

தம்பி, தங்கைகளே! நாளைக்கு அந்த எண்ணை எழுதிக் கொடுக்கும் இன்ஜினீயர் நீங்களாக இருக்கலாம். 'நான் டிசைன் பண்ணேன், விளம்பரம் அவங்க வேலை' என்று ஒதுங்கிவிடாதீர்கள். பெட்டிமேல் அச்சாவதற்கு முன் ஒரு தடவை வாங்கிப் படியுங்கள். பொய்யான எண் மட்டும்தான் ஏமாற்றும் என்றில்லை. பாதி சொன்ன எண்ணும் ஏமாற்றும்.

அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட நோட்டீஸ் தபாலில் வந்தால் குப்பையில் போடாதீங்க. விலகுகிறேன் என்று கெடுவுக்குள் எழுதாதவர்களையும் சமரசம் பொதுவாகக் கட்டுப்படுத்தும். பிறகு அதே குறைக்காகத் தனி வழக்குப் போட முடியாது. நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரே குறையுள்ள பலருக்காக, ஆணையத்தின் அனுமதியோடு ஒருவர் புகார் செய்ய வழி வைத்திருக்கிறது.