பிரஷர் குளிசையும் மலை வேலையும்



"எனக்கு ஒண்ணும் செய்யலையே, பிறகு எதுக்குக் குளிசை?" என்று பலர் எங்களிடம் கேட்கிறீர்கள். பிரஷர் 140க்கு 90ஐத் தாண்டினாலும் அநேகமாய் வலி, தலைச்சுற்று ஒன்றும் காட்டாது. நீங்கள் சுகமாயிருப்பதே குளிசை வேலை செய்வதால்தான். நிறுத்தினால் மறுபடி ஏறும். பாரிசவாதம் வந்து கை விழுந்தபிறகு கொழுந்து எடுப்பது எப்படி?

பெண்கள் மெதுவாகச் சொல்லும் ஒரு காரணம் உண்டு. மூத்திரம் கூடுதலாய்ப் போகவைக்கும் குளிசையைக் குடித்துவிட்டு மலைக்கு ஏறினால் ஒதுங்க இடமில்லை. அதனால் வேலை நாளில் விட்டுவிடுகிறார்கள், சிலர் தண்ணியும் குடிப்பதில்லை. இது நியாயமான கஷ்டம்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நீங்களாக விடாமல் கிளினிக்கில் டொக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். குடிக்கும் நேரத்தை மாற்றலாம், வேறு குளிசையும் தரலாம். மலையில் ஒதுங்க ஒரு இடம் கேட்டுத் தலைவரோடு பேசுவதிலும் தப்பில்லை.

இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபெனாக், ஐபுப்ரோபென் பிரஷரை ஏற்றிவிடும். கேட்காமல் போடாதீர்கள். பக்கத்துக் காம்பராக்காரரின் குளிசையும் வேண்டாம். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள். பிள்ளைத்தாச்சியாகியிருந்தால், ஆகலாம் என்றாலும், உடனே சொல்லுங்கள். லொசாட்டன், எனலாப்ரில் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.

ஒரு பேர் போய்விடுமே என்று கிளினிக் நாளைத் தவறவிடுவதும் எங்களுக்குத் தெரியும். வரமுடியாவிட்டால் குளிசை முடியுமுன்னே தோட்ட டிஸ்பென்சரியில் கேளுங்கள். வரும்போது கொப்பியையும் மிச்சக் குளிசையையும் கையோடு கொண்டுவாருங்கள்.